பட்டியல் யார் கையில்?

மரக்காணத்தில் பஸ் ஏறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போனால், வழியில் மூன்று முறை மாநிலம் மாறும். கூனிமேடு வரை தமிழ்நாடு. கனகசெட்டிகுளமும் காலாப்பட்டும் புதுச்சேரி. பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று வானூர் வட்டத்துக்குள் நுழைந்ததும் மறுபடி தமிழ்நாடு. முத்தியால்பேட்டையில் திரும்பவும் புதுச்சேரி. மதுக்கடைப் பலகை மாறுவதைப் பார்த்துத்தான் வெளியூர்க்காரர்களுக்கு எல்லை பிடிபடும்.

இந்தச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரைத் தூக்கும்போது எழும் முதல் கேள்வி, “ஜிப்மரா, பிம்ஸா, முண்டியம்பாக்கமா?” என்பதுதான். முதலாவது மத்திய அரசினுடையது, இரண்டாவது தனியார் மருத்துவக் கல்லூரி, மூன்றாவது தமிழக அரசினுடையது. ஒருவேளை அவர் மூளைச்சாவு அடைந்து, குடும்பத்தார் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தால், அந்த உறுப்புகள் யாருக்குப் போகும்? போட்டி போடும் நிறுவனங்கள் ஒத்துழைக்குமா என்ற கேள்வி இதைவிடக் கூர்மையாக எழும் இடம் வேறில்லை.

இல்லை, ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் இறந்தவர்களின் உடலை மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனில் வைத்துக் காக்கும் கிரயோனிக்ஸ் அமைப்புகள். என்றாவது ஒரு நாள் மருத்துவம் முன்னேறி இவர்களை எழுப்பும் என்பது அவர்களின் நம்பிக்கை. இதுவரை ஒருவரும் எழவில்லை. 1972-இல் தொடங்கிய ஆல்கோர், அரிசோனாவில் இயங்குகிறது. முழு உடலுக்கு இரண்டு லட்சம் டாலருக்கும் மேல் கேட்கிறது. 1976-இல் ராபர்ட் எட்டிங்கர் மிச்சிகனில் தொடங்கிய கிரயோனிக்ஸ் இன்ஸ்டிடியூட் 28,000 டாலருக்குச் செய்கிறது. ஆல்கோரில் உடல்களைத் தலைகீழாக நிறுத்தி வைக்கிறார்கள். நைட்ரஜன் கசிந்து மட்டம் இறங்கினாலும் தலை கடைசியாகத்தான் உருக வேண்டும் என்பது கணக்கு. கலன் கசிந்தால் என்ன செய்வது என்று இவ்வளவு யோசித்த இயக்கம், நிறுவனமே கசிந்தால் என்ன செய்வது என்று தொடக்கத்தில் யோசித்ததாகத் தெரியவில்லை.

யோசிக்காததன் விலை 1979-இல் தெரிந்தது. கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் கல்லறைத் தோட்டத்தில் ஓர் அமைப்பு பாதுகாத்துவந்த ஒன்பது உடல்கள் பணமில்லாமல் கைவிடப்பட்டு அழுகிப்போனது வெளியே வந்தது. முதன்முதலில், 1967 ஜனவரியில், உறையவைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்போர்டின் உடல் தப்பியதற்குக் காரணம் எந்த நிறுவனமும் அல்ல. விடாப்பிடியான அவர் குடும்பம் அதை இடம் மாற்றி இடம் மாற்றி, சில ஆண்டுகள் தாங்களே பராமரித்து, 1982-இல் ஆல்கோரில் சேர்த்தது. ரஷ்யாவின் கிரியோரஸ் கதை இன்னும் மோசம். அதை நடத்தியவர்களே இரண்டு தரப்பாகப் பிரிந்தார்கள். 2021 செப்டம்பரில் ஒரு தரப்பு கிடங்குக்குள் புகுந்து, உடல்கள் இருந்த கலன்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்ப, போலீஸ் வழிமறித்தது.

ஒத்துழைப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கன் கிரயோனிக்ஸ் சொசைட்டி தன்னிடம் சேர்ந்தவர்களின் உடலைக் கிரயோனிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் வைக்கிறது. ஆனால் இதெல்லாம் இரு தரப்பும் விரும்பும்வரை ஓடும் ஏற்பாடு. நடுவில் நின்று கணக்குக் கேட்கும் மூன்றாவது ஆள் கிடையாது.

தமிழ்நாட்டின் உறுப்பு தானத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்த பிறகும் சிறுநீரக வியாபாரம் நிற்கவில்லை. சுனாமியில் வீடிழந்து எர்ணாவூர் முகாமில் தங்கியிருந்த மீனவப் பெண்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007 ஜனவரியில் வெளிவந்து ஊரையே உலுக்கியது. அதற்கு முன்பே, 2000-இல், டாக்டர் சுனில் ஷ்ராஃபின் மோகன் அறக்கட்டளை மருத்துவமனைகளை இணைத்து உறுப்புப் பகிர்வு வலையமைப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தது. நல்ல முயற்சி, ஆனால் தொண்டு நிறுவனத்தால் வேண்டுகோள்தான் விடுக்க முடியும், உத்தரவு போட முடியாது.

உத்தரவு 2008-இல் வந்தது. அரசாணைகள், விதிமுறை, டாக்டர் அமலோற்பவநாதன் ஒருங்கிணைப்பில் ஒரு பொதுப் பட்டியல். அந்தச் செப்டம்பரில்தான் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றத்து மாணவன் ஹிதேந்திரனின் இதயம், போலீஸ் வழி ஒதுக்கித்தர, பதினோரு நிமிடத்தில் முகப்பேருக்குப் போய்ச் சேர்ந்தது. ஊருக்கு நினைவிருப்பது அந்தப் பதினோரு நிமிடம். உண்மையில் பெரிய மாற்றம் காகிதத்தில் நடந்தது. ஒரு மருத்துவமனையில் கொடையாளர் கிடைத்தால் ஒரு சிறுநீரகம் அங்கேயே பயன்படலாம். மற்றொன்று பொதுத் தொகுப்புக்குப் போக வேண்டும். உறுப்பை எடுத்துக் கொடுத்த மருத்துவமனைக்கும் ஆதாயம், எதிரில் இருக்கும் மருத்துவமனைக்கும் பங்கு. போட்டியாளர்களின் மனம் திருந்தும் என்று காத்திருக்காமல், அவர்களின் ஆசையையே விதிக்குள் கட்டியதுதான் இதன் சாமர்த்தியம்.

பட்டியலுக்குக் கடிகாரமும் துணை நின்றது. எடுத்த உறுப்பைக் குளிர்ந்த திரவம் பாய்ச்சிக் கழுவும்போது ரத்தச் சிவப்பு போய் வெளிறிவிடும். அதை உறைக்குள் உறையாகப் போட்டு, ஐஸ் நிரப்பிய பெட்டியில் வைத்து மூடுவார்கள். அந்த நிலையில் இதயம் நான்கு மணி நேரம் தாங்கும், சிறுநீரகம் ஒரு நாள் தாங்கும். பதுக்கி வைத்தால் யாருக்கும் உதவாது. மீன் வரத்து அதிகமான நாளில் உப்பும் ஐஸும் இல்லாத வியாபாரி, ஆகாதவனுக்கும் அள்ளிக் கொடுத்துவிடுவதைப் போலத்தான்.

ஆனால் இந்த அவசரம் என்றும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2023-இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியின் சிறுநீரகத்தை நூறு நாள் வரை உறைநிலையில் வைத்து, மீட்டு, வேறோர் எலிக்குப் பொருத்தி வேலை செய்ய வைத்தார்கள். மனித உறுப்புக்கும் இது கைகூடினால் மருத்துவமனைகளுக்குக் கிடங்கு கிடைத்துவிடும். கிடங்கு வந்தால் உறுப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஆசையும் வரும். பட்டியலை நடத்தும் டிரான்ஸ்டான் போன்ற அமைப்புகளுக்கு அப்போதுதான் உண்மையான சோதனை. 2018-இல் வெளிநாட்டு நோயாளிகளுக்கு உறுப்புகள் போனதாக எழுந்த சர்ச்சையிலேயே டிரான்ஸ்டான் மீதான நம்பிக்கை ஆட்டம் கண்டது. அதிலிருந்து மீண்டு வந்ததைப் பாராட்டத்தான் வேண்டும். உறுப்புக் கொடையாளர்களுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு 178 ஆக இருந்த மூளைச்சாவுக் கொடையாளர்கள், அடுத்த ஆண்டு 268 ஆனார்கள்.

மரக்காணம் உப்பளங்களின் பக்கம் திரும்புவோம். தமிழக உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்த ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள், வெயிலில் வேலை செய்பவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்படுவதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். கால் வைத்தால் சுடும் பாத்தியில், ஒதுங்க நிழலில்லாமல், தண்ணீரைக் குறைத்துக் குடித்து உப்பு வாருகிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சிறுநீரகம் கெட்டால் இந்தப் பகுதிக்காரர் போவது பெரும்பாலும் கோரிமேட்டு ஜிப்மருக்கு. இருப்பிடச் சான்று கேட்காமல் எந்த மாநிலத்திலும் பதிவு செய்துகொள்ளலாம் என்று 2023 பிப்ரவரியில் மத்திய அரசு சொல்லிவிட்டது. பதிவுக்கு எல்லை இல்லை. பங்கீட்டிலோ இன்னும் முதலிடம் அந்தந்த மாநிலத்துக்கே.

இது சிகிச்சைக்கு எல்லை தாண்டிப் போகிறவர்களை நடுவில் நிறுத்துகிறது. தமிழகமும் புதுச்சேரியும் சேர்ந்து, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கும் புதுச்சேரிக்குமாவது ஒரே பங்கீட்டு வட்டத்தை அமைக்கலாம். எல்லையின் இந்தப் பக்கம் எடுத்த சிறுநீரகத்துக்கு அந்தப் பக்கம் பொருத்தமான நோயாளி இருந்தால் எந்த வரிசையில் கேட்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். கோட்டக்குப்பம் போலீஸ் ஒதுக்கித்தரும் வழியை முத்தியால்பேட்டை போலீஸ் எந்த இடத்தில் ஏற்றுக்கொள்ளும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடலாம். சென்னையில் போட்டி மருத்துவமனைகளை ஒரே பட்டியலுக்குள் கொண்டுவர முடிந்த அரசுக்கு, பக்கத்து அரசோடு உட்கார்ந்து இதைப் பேசி முடிப்பது பெரிய காரியமா என்ன?