பாடும் கூச்சமும்

பழவேற்காடு ஏரியில் இறால் எங்கே நன்றாகப் படும் என்று அங்குள்ள மீனவர் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கோட்டைக்குப்பம் போன்ற பட்டினவர் என்ற மீனவச் சாதியினரின் ஊர்களில் அடுத்தவர் முறைநாளில் அந்த இடத்தில் வலை கட்டுவதில்லை. நல்ல இடங்களை முறைவைத்துப் பகிரும் இந்த ஏற்பாடுதான் பாடு. ஆனால் பொதுச் சொத்தை அவரவர் லாபம் பார்த்தே அழித்துவிடுவார்கள் என்று 1968இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதினார். அவர் கற்பனை செய்த மனிதன், 1941இல் மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி விவரித்த உளப்பிறழ்வாளனுக்கு ஒன்றுவிட்ட தம்பி: கணக்குப் போடத் தெரியும், உறுத்தல் மட்டும் கிடையாது.

ஊர்ப் பஞ்சாயத்தின் அபராதம் அப்படிப்பட்டவனைத் தடுக்குமா? மாட்டாமல் தப்பும் நாளில் தடுக்காது. நாளைக்கும் இதே கரையில் எதிராளி முகத்தைப் பார்க்கவேண்டுமே என்ற கூச்சத்தைத்தான் நான் நம்புவேன். (பொருளாதாரப் பாடநூல்களில் கூச்சத்துக்கு அத்தியாயம் கிடையாது.)

ஆனால் அந்தக் கூச்சத்துக்கும் எல்லை உண்டு. பாடு உரிமை பிறப்பால் வருவது. அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் தலித், இருளர் குடும்பங்களுக்கு அந்த நல்ல இடங்களில் முறை இல்லை. தன் சாதிக்காரனிடம் கூசுகிற மனம் இவர்களிடம் கூசவில்லை. இங்கே உணர்ச்சியை நம்பிப் பயனில்லை. ஏரி யாருக்குச் சொந்தம் என்று நியாயம் பேசி வாதாடத்தான் வேண்டியிருக்கிறது.