ஓவன் வேண்டாத குக்கீக்கு ஓட்ஸ் எதுக்கு?

"நோ பேக் குக்கீ" என்று ஒரு பலகாரம் இப்போது நகரத்து வீடுகளில் சக்கைப்போடு போடுகிறது. ஓட்ஸ், பேரீச்சம்பழம், கோகோ பொடி, கொஞ்சம் பட்டை, சுக்கு, ஜாதிக்காய். எல்லாத்தையும் மிக்சியில் அடித்து, உருட்டித் தட்டி, ஃப்ரிட்ஜில் வைத்தால் வேலை முடிந்தது. சென்னையில் இருக்கிற அக்கா மகள் வீடியோவே அனுப்பிவிட்டாள். "மாமா, ஓவனே வேணாம். நீங்ககூட செய்யலாம்"னு கீழே ஒரு வரி வேற.

நாங்ககூடவா! தஞ்சாவூர்ப் பக்கம் எந்த கிராமத்து அடுக்களையில் ஓவன் இருந்தது? எள்ளுருண்டை, பொரி உருண்டை, மாவுருண்டை, பொருவிளங்காய் உருண்டை எல்லாமே ஓவன் பார்க்காத பலகாரம்தான். ஆடிப்பெருக்குக்குக் காவேரிக்கரையில் படைக்கிற காப்பரிசிக்கு அடுப்பே தேவையில்லை. ஊறவைத்த அரிசியில் வெல்லமும் எள்ளும் தேங்காயும் கலந்தால் போதும். இதுக்கெல்லாம் நாங்கள் தனியாக ஒரு பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பேர் பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. குக்கீ என்றே சொல்லிக்கொள்ளுங்கள். வட்டமாகத் தட்டினால் குக்கீ, உருட்டினால் உருண்டை. என் சண்டை உள்ளே போடுகிற சாமான் பற்றியது.

ஓட்ஸ் இந்த டெல்டாவில் விளைவதில்லை. இந்தியாவுக்கு வருகிற ஓட்ஸில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வருகிறது. பேரீச்சை வளைகுடா நாடுகளிலிருந்து வருகிறது. வெளியூர்ச் சாமானே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நாங்கள் குடிக்கிற காபியும் ஒரு காலத்தில் வெளியூர்ச் சாமான்தான். ஆனால் கடல் தாண்டி வந்ததை மட்டும் "ஹெல்த்தி" என்றும், நம்ம அரிசியை "வெறும் கார்ப்" என்றும் சொல்கிற பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பொருவிளங்காய் உருண்டையில் என்னென்ன இருக்கிறது என்று ஒருதரம் பாருங்கள். புழுங்கல் அரிசி சம்பாவில் விளைந்தது. பாசிப்பருப்பும் அதே வயலில் விளைந்ததுதான். நகரத்தில் பலருக்கு இது தெரியாது. சம்பா கதிர் முற்றி, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, ஈரம் காயாத வயலில் நிற்கிற பயிருக்குள்ளேயே பயறைத் தெளித்துவிடுவோம். நெல்லை அறுத்த பிறகு, மிச்ச ஈரத்தையும் பனியையும் குடித்தே அது வளரும். அதுக்குத் தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது, உழவும் கிடையாது. அறுப்பு மெஷின் ஏறி மிதித்தது போக நிற்பதுதான் இப்போது எங்களுக்குக் கிடைக்கிற பயறு.

வெல்லத்துக்குப் பாபநாசம் பக்கம் வீரமாங்குடி மாதிரி ஊர்கள் இருக்கின்றன. அங்கே காவேரிக்கரைக் கரும்பைக் காய்ச்சி அச்சு வெல்லமாக வார்க்கிறார்கள். தேங்காய் பட்டுக்கோட்டை, பேராவூரணியிலிருந்து வரும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் ஒரே ராத்திரியில் சாய்த்துப்போட்ட தென்னந்தோப்புகள் அவை. தென்னம்பிள்ளை நட்டு, அது காய்க்கிறவரை வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள் கையிலிருந்து அந்தத் தேங்காய் வருகிறது. ஏலக்காயும் மிளகும் போடிநாயக்கனூருக்கு மேலே இருக்கிற மலையில் விளைகிறது. கிராம்பு வேண்டுமா? கன்னியாகுமரிக் கிராம்பு புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது.

ஆக, ஒரு உருண்டைக்குள் காவேரித் தண்ணீர் இருக்கிறது, தை மாசப் பனி இருக்கிறது, மேற்கு மலை இருக்கிறது. இதைவிட்டு ஓட்ஸை உருட்டுவானேன்?

"ஓவன் இல்லாமல் மாவு வேகுமா, பச்சை வாசனை வராதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புழுங்கல் அரிசி ஏற்கெனவே நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்தது. அதை வாணலியில் வறுத்தால் உப்பிப் பொரியும். அந்த வறுப்புதான் நம்ம ஊர் பேக்கிங். சில வீடியோக்களில் பச்சை மைதாவை அப்படியே போட்டு "நோ பேக்" என்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். வேகாத மாவில் கிருமி இருக்கலாம். எந்த மாவானாலும் வறுத்த பிறகுதான் வாயில் போட வேண்டும்.

எங்க வீட்டு அளவு இது. புழுங்கல் அரிசி 2 டம்ளர், பாசிப்பருப்பு 1 டம்ளர், பொட்டுக்கடலை அரை டம்ளர், பொடித்த வெல்லம் 2 டம்ளர், சுக்குப்பொடி ஒன்றரை ஸ்பூன், ஏலக்காய் 6, மிளகு கால் ஸ்பூன், பல்லுப்பல்லாக நறுக்கி நெய்யில் வறுத்த தேங்காய் ஒரு கைப்பிடி. அரிசியைத் தனியாக, பொரிகிறவரை வறுக்கவும். பருப்பைத் தனியாக, வாசனை வரச் சிவக்க வறுக்கவும். ஆறியதும் பொட்டுக்கடலை, ஏலக்காய், மிளகு சேர்த்துச் சன்ன ரவையாக அரைத்து, சுக்கும் தேங்காயும் கலக்கவும். அதில் ஒரு கை மாவைத் தனியாக எடுத்து வைக்கவும். வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பாகு காய்ச்சவும்.

பாகில்தான் சூட்சுமம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் "டங்"கென்று சத்தம் வந்தால் அது பழைய பதம். உருண்டை கல்லு மாதிரி இருக்கும், வாரக்கணக்கில் கெடாது. விரலில் மெத்தென்று உருள்கிற பதத்தில் இறக்கினால் நகரத்துப் பல்லுக்குத் தோதாக இருக்கும், ஆனால் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். பாகை மாவில் ஊற்றிக் கரண்டியால் கிளறி, எடுத்து வைத்த மாவைக் கையில் தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடிக்கவும். ஆறினால் பிடிக்க வராது. கை சுடத்தான் செய்யும். முப்பது உருண்டை வரும்.

இனி காசுக் கணக்குக்கு வருகிறேன். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதார விலையோடு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, சாதா ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். அதாவது கிலோ நெல் 25 ரூபாய். இந்த முப்பது உருண்டைக்கு வேண்டிய 400 கிராம் அரிசிக்கு 600 கிராம் நெல்லும் இன்னும் கொஞ்சமும் ஆகும். அதில் நெல்லு விளைவித்தவனுக்குப் போவது ஏறக்குறைய 15 ரூபாய். பத்து உருண்டையை அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு பாட்டி படத்தை ஒட்டி, 300 ரூபாய்க்கு விற்பதை நகரத்துக் கடையில் பார்த்தேன். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற நெல்லின் விலை 5 ரூபாய்.

விற்கிறவரைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் ஆள்கூலி, வாடகை, பெட்டி, கமிஷன் எல்லாம் இருக்கிறது. ஆனால் பாட்டி படம் பார்த்து "விவசாயிக்கு ஆதரவு கொடுக்கிறோம்" என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்களே, அதுதான் பொய். அந்தப் பெட்டியில் நீங்கள் ஆதரிப்பது பெரும்பாலும் பெட்டியைத்தான்.

பெட்டிக்காரர்கள் சொல்கிற இன்னொரு பொய், "வெல்லம்தான், சர்க்கரை இல்லை" என்பது. வெல்லத்திலும் பெரும்பங்கு அதே இனிப்புதான். சர்க்கரை நோய் இருப்பவர் உருண்டையையும் அளந்துதான் தின்ன வேண்டும். கறுப்புக் கவுனி தின்றால் எல்லா வியாதியும் ஓடிவிடும் என்று பேசுகிறவர்கள் எங்கள் பக்கத்து ஆட்களாகவே இருந்தாலும் எனக்குச் சம்மதம் இல்லை. நல்ல அரிசியை நல்ல அரிசி என்று சொல்லி விற்றால் போதும், மருந்து என்று விற்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளைச் சம்பா போட்டுப் பாருங்கள், எங்கள் பாடு புரியும். ஆள் உயரத்துக்கு வளரும், கார்த்திகைக் காற்றில் சாயும், விளைச்சல் புது ரகத்தைவிடக் குறைவு. ஆதார விலையிலோ சாதா, சன்னம் என்று இரண்டே வகை, பாரம்பரிய ரகத்துக்கு என்று தனி வகை இல்லை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தி, 2 கிலோ விதை கொடுத்து மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கி, 170-க்கு மேற்பட்ட ரகங்களைத் திரும்ப வயலுக்குக் கொண்டுவந்தார். 2018 டிசம்பரில் அவர் போய்விட்டார். விதை இருக்கிறது, விளைவிக்க ஆளும் இருக்கிறது. வாங்கிச் சமைக்க ஆள் இல்லை என்றால் அந்த விதைகள் திருவிழாவில் தட்டில் வைத்துக் காட்டுகிற பொருளாகப் போய்விடும்.

அதனால்தான் கேட்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்ஸ் டப்பாவை மூடி வைத்துவிட்டு, இந்த உருண்டையைப் பிடித்துப் பாருங்கள். அரிசியைப் பெட்டிக்காரரிடம் வாங்காமல், தெரிந்த விவசாயி ஒருவரிடம் ஐந்து கிலோவாக, அவர் சொல்கிற விலைக்கு, பேரம் பேசாமல் வாங்குங்கள். டெல்டாவில் உங்களுக்குச் சொந்தக்காரர் ஒருத்தராவது இருப்பார், போன் போட்டுக் கேளுங்கள். உருண்டை கோணலாக வந்தாலும் பரவாயில்லை. வட்டமாகத் தட்டி, பிள்ளைகளிடம் குக்கீ என்றே கொடுங்கள். "எதுல செஞ்சது?" என்று கேட்டால் மட்டும் நெல்லு பேரைச் சொல்லுங்கள்.