வெள்ளித்தாள் உடுத்த பொய்மீன்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர்நிலைகள் நிரம்பிவிட்டால் வில்லியனூர், பாகூர்ப் பகுதிச் சிறுவர்களுக்குப் பாடப் புத்தகத்தில் மனம் நிற்பதில்லை. சங்கராபரணி ஆற்றங்கரையிலும், சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பெண்ணையாற்று நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலின் ஓரத்திலும் மூங்கில் கழியும் நைலான் நரம்புமாய் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிறுமீனுக்கு மண்புழு போதும். விரால் வேண்டுமென்றால்தான் தவளைக்குஞ்சைத் தேடுகிறார்கள். அதை உயிரோடு முள்ளில் குத்தி, அது துடித்துக்கொண்டே நீர்மேல் நீந்தும்படி விடுகிறார்கள். துடிப்பு நின்றால் அடுத்த குஞ்சு.

நம் வீட்டுப் பிள்ளைகளும் இதைச் செய்கிறார்கள் என்பதனால்தான் இம்மாதம் இதை எழுத நேர்ந்தது. மீன் பிடிப்பது ஆகுமான செயல், அதில் ஐயமில்லை. ஆயின், மருந்துக்காகத் தவளையைப் பயன்படுத்தலாமா என்று கேட்ட மருத்துவரிடமே அதனைக் கொல்ல வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஒரு கோழியைக் கட்டிவைத்து அம்பெறிந்து விளையாடிய இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியும் நீங்கள் அறிந்ததே. சட்ட நுணுக்கத்தை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். உழவர் வீட்டாருக்கு நான் சொல்லக்கூடியது வேறொன்று: புதுவையின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரின் வயல்களில் பூச்சிகளைத் தின்று பயிரைக் காப்பது இந்தத் தவளைதான். தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு 1987ஆம் ஆண்டு தடைசெய்தது.

வெறுமனே "வேண்டாம்" என்று சொன்னால் பிள்ளைகள் கேட்பார்களா? மாற்று ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். அந்த மாற்று ஒரு துண்டு மரத்திலும் மிட்டாய் சுற்றிய வெள்ளித்தாளிலும் இருக்கிறது.

பின்லாந்து நாட்டில் லாரி ரப்பாலா என்றொரு மீனவர் இருந்தார். ஏழை. நெடுங்கயிற்றில் வரிசையாக முட்களைக் கட்டி, ஒவ்வொன்றிலும் சிறுமீனைக் குத்தி ஏரியில் இடுவது அவர் தொழில். இரை கோப்பதிலேயே பொழுது போய்விடும். பெரிய மீன் ஒன்று சிறுமீன் கூட்டத்தில் பாயும்போது, நேராக நீந்துபவற்றை விட்டுவிட்டுத் தள்ளாடி ஒருக்களித்து நீந்தும் நலிந்த மீனையே கவ்வுவதை அவர் கூர்ந்து கண்டார். 1936ஆம் ஆண்டு, தக்கையைக் கத்தியால் சீவி, அப்படித் தள்ளாடும் ஒரு பொய்மீனைச் செய்தார். பளபளப்புக்குச் சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டினார். வார்னிஷ் வாங்கப் பணமில்லாததால் புகைப்பட நெகட்டிவுகளை உருக்கி மேலே பூசினார். இன்று உலகெங்கும் விற்கும் பொய்யிரைகளுள் ஒன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. (நெகட்டிவ் உருக்கும் வேலையைப் பிள்ளைகள் செய்ய வேண்டாம்; பழைய படச்சுருள்களுள் சில வகை சட்டெனத் தீப்பற்றும்.)

இதைவிட அண்மையில், நம் நாட்டு மினிக்காய்த் தீவிலும் மாலத்தீவுகளிலும் முஸ்லிம் மீனவர்கள் சூரை மீனைப் பிடிக்கும் முறையைப் பாருங்கள். உயிருள்ள பொடிமீன்களைக் கடலில் வீசிச் சூரைக் கூட்டத்தை வரவழைத்து, நீரையும் தெளித்துக் கலக்கி, கழியில் கட்டிய வெறும் முள்ளை இடுகிறார்கள். முள்ளில் இரை கிடையாது. வெள்ளி போல மின்னும் அதன் மினுக்கத்தையே மீன் எனக் கருதிச் சூரை கவ்வுகிறது. முள்ளில் எதிர்க்கொக்கி இல்லாததால் படகில் விழுந்ததும் தானே கழன்றுவிடும். 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் காஜியாக இருந்த இப்னு பதூதா அந்தத் தீவினர் உணவாகிய மீனைப் பற்றித் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார்.

மினுக்கத்துக்கு ஏன் இத்தனை வலிமை? மீனின் தோலில் குவானின் என்னும் பொருள் நுண்ணிய படிகத் தகடுகளாக அடுக்கப்பட்டுள்ளது. அதனால் அதன் விலாப்புறம் ஒரு கண்ணாடி ஆகிறது. நேராக நீந்தும் மீனின் விலா, சுற்றியுள்ள நீரின் ஒளியையே திருப்பிக் காட்டுவதால் மீன் இருப்பதே தெரிவதில்லை. அடிபட்ட மீன் சாயும்போது அந்தக் கண்ணாடியும் சாய்ந்து மேலிருந்து வரும் வெயிலைப் பளிச்சென்று வீசுகிறது. பசித்த விராலுக்கு அந்த ஒரு நொடிப் பளிச்சே அழைப்பு. இடைவிடாமல் மின்னும் பொருள் மீனாகத் தோன்றாது. மின்னி மறைவதே மீனாகத் தோன்றும். ஆகையால் வெள்ளித்தாளைப் பொய்மீனின் உடல் முழுவதும் சுற்றுவது வீண். விலாப்புறம் இரண்டிலும் மட்டும் ஒட்டி, முதுகைக் கரும்பச்சையாகவும் வயிற்றை வெண்மையாகவும் தீட்டுங்கள். படைத்தவன் மீனுக்கு இட்ட வண்ணமும் அதுதானே!

கல்யாண முருங்கைக் கட்டை மென்மையானது, இலேசானது; நன்றாகக் காய்ந்த துண்டை விரல் நீளத்துக்குச் சீவி உப்புத்தாளால் தேயுங்கள். தலையிலிருந்து வால்வரை ஒரு கம்பியைச் செலுத்தி, இரு முனையிலும் வளையமிட்டு, முள்ளை அந்தக் கம்பியிலேயே மாட்ட வேண்டும். மரத்தில் மாட்டினால் முதல் விராலே பிய்த்துக்கொண்டு போய்விடும். தாடையின் கீழே சாய்வாகச் செருகிய சிறு தகரத் துண்டுதான் இழுக்கும்போது தள்ளாட்டத்தைத் தருவது. வயிற்றில் கனத்துக்கு ஈயக்குண்டு வைப்பது வழக்கம். ஈயம் நஞ்சு, அதைப் பல்லால் கடித்து நசுக்கும் பழக்கம் பிள்ளைகளிடம் உண்டு. இரும்பு ஆணித்துண்டே போதும்.

இப்போது தாள். மிட்டாய், சாக்லேட் சுற்றி வரும் அலுமினியத் தாள் மிக ஏற்றது. சிகரெட் பெட்டித் தாளுக்குப் பின்னால் காகிதம் ஒட்டியிருப்பதால் நீரில் ஊதிவிடும். அது கிடைக்கும் வீடாக உங்கள் வீடு இராது என்றே நம்புகிறேன். மாத்திரை அட்டையின் தாள் விறைப்பானது, வளைவில் மடியாது. தாளைக் கொசுவலைக் கம்பித் துண்டின்மேல் பரப்பி விரல்நுனியால் மெல்லத் தேய்த்தால் செதில் செதிலாகப் பதிந்துவிடும். எங்கள் வீட்டுச் சிறுமி இதைப் பார்த்துவிட்டு அரைநாள் வேறு வேலையே செய்யவில்லை. கட்டையில் பசையை மெல்லிதாகத் தடவி, சற்று ஒட்டும் பதம் வந்தபின் தாளை இட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பஞ்சால் ஒற்றுங்கள். காய்ந்தபின் நிறமற்ற வார்னிஷை மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் முழுதும் காய்ந்த பிறகே அடுத்தது. ஓரத்தில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் நீர் புகுந்து தாளை உரித்துவிடும்.

பொன்னிறம் வேண்டுவோர் கடையில் கிடைக்கும் பொன்னிறத் தாளை வாங்கலாம். அது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையாதலால் மேற்பூச்சு இல்லையேல் கறுத்துப் போகும். மெய்யான தங்க ரேக்கு கறுக்காது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பொருத்தம். முள்வேலியில் சிக்கி ஏரியோடு போகும் பொருளுக்கு அதை ஒட்டுவது வீண்விரயம். தெளிந்த நீருக்கு வெள்ளி, கலங்கல் நீருக்குப் பொன் என்பது தூண்டில்காரர்களின் கணக்கு.

இடத்தையும் பார்க்க வேண்டும். ஊசுட்டேரி 2008ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே தூண்டிலோடு போகாதீர்கள். மீன் குத்தகைக்கு விடப்பட்ட ஏரியானால் குத்தகைதாரரின் இசைவு இல்லாமல் எடுப்பது பிறர் பொருளை எடுப்பதே. நீர்ப்பரப்பில் சிவந்த குஞ்சுக் கூட்டம் ஒன்று மிதந்தால் அதன் அடியில் காவலிருப்பது தாய் தந்தை விரால். அதைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் பிற மீன்களுக்கு இரையாகும், விட்டுவிடுங்கள்.

முள்ளின் எதிர்க்கொக்கியை மினிக்காய் முள்ளைப் போல அரத்தால் தேய்த்து நீக்கிவிட்டால், சிறுமீனையும் காயமின்றித் திரும்ப விடலாம். பிள்ளையின் விரலில் ஏறினாலும் எளிதில் கழற்றலாம். ஏரிக்குப் போகுமுன் பொய்மீனை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பாருங்கள். ஒரே பக்கம் சாய்ந்தால் தகரத் துண்டை இம்மியளவு திருப்புங்கள். சுழன்றால் வயிற்றில் கனம் போதவில்லை.