யுத்தத்தை மூட்டியவர் யார்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1861-ம் வருஷம் மூண்டு 1865-ம் வருஷம் வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் ஆறு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். மாண்டவர்கள் மண்ணோடு மண்ணாகிவிட்ட போதிலும், யுத்தத்தை மூட்டியவர் யார் என்கின்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. லிங்கனே மூட்டினார் என்பாரும், தென்ராஜ்யங்கள் தங்கள் சுயஉரிமைக்காகவே போராடின என்பாரும் இன்றும் இருக்கின்றார்கள். இவ்விரண்டையும் சற்று விசாரிப்போம்.

லிங்கன் பிரசிடெண்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1860 நவம்பரில். பதவி ஏற்றதோ 1861 மார்ச்சு 4-ந் தேதி. அதற்குள்ளாகவே, தென் கரோலினா டிசம்பர் 20-ந் தேதி முதலாவதாக விலக, ஏழு ராஜ்யங்கள் பிரிந்துபோய்த் தனி அரசாங்கமே அமைத்துக்கொண்டன. நாற்காலியில் உட்காராதவர் எப்படிக் கொடுமை செய்திருக்க முடியும்? அவர் மறுத்ததெல்லாம் புதிய பிரதேசங்களுக்கு அடிமை முறையைப் பரப்புவதைத்தான். இருக்கின்ற இடத்தில் அதில் கை வைப்பதில்லை என்று பதவி ஏற்ற அன்றே சொன்னார். சும்டர் கோட்டையிலிருந்த தம் சிப்பாய்களுக்கு ஆகாரம் அனுப்பப் போவதையும் முன்கூட்டியே தெரியப்படுத்தினார். அதற்குக் கிடைத்த பதில், ஏப்ரல் 12-ந் தேதி விடியுமுன் தென்ராஜ்யத்தார் சுட்ட பீரங்கிதான். அவர் 75,000 பேரைப் படைக்கு அழைத்தது அதற்குப் பிறகேயாகும்.

இனி, "ராஜ்ய உரிமை" என்பதைப் பார்ப்போம். எதற்கான உரிமை என்று கேட்கின்றோம். ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்னும் 1850-ம் வருஷத்திய மத்திய சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்கள் இவர்களே. வடராஜ்யங்கள் சில தங்கள் உரிமையைக் கொண்டு அதற்கு இணங்க மறுத்தபோது, அதையே பெருங்குற்றமாகத் தென் கரோலினா தன் விலகல் அறிக்கையில் எழுதி வைத்தது. மிஸிஸிப்பியோ, தன் நிலைமை அடிமை முறையோடு பிணைந்தது என்று ஒளிவு மறைவின்றி எழுதிற்று. புதிய அரசாங்கத்தின் உப பிரசிடெண்டான அலெக்ஸாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச்சில் சவானா நகரத்தில் பேசுகையில், கறுப்பன் வெள்ளையனுக்குச் சமமல்ல என்பதே தங்கள் அரசாங்கத்தின் மூலைக்கல் என்றார். அதே கனவான், தோற்ற பிறகு பெரிய புஸ்தகம் எழுதி, சண்டை அரசியல் சட்டத் தத்துவத்தைப் பற்றியது என்று சாதித்தார்! வழக்குக்கு முன் எழுதிக் கொடுத்த பத்திரம் சாட்சியா, தோற்ற பிறகு சொல்லும் சமாதானம் சாட்சியா?

அடிமையே இல்லாத ஏழை வெள்ளைக்காரனும் ஏன் போய்ச் செத்தான் என்று கேட்கலாம். நீ எவ்வளவு தரித்திரனானாலும் உனக்குக் கீழே ஒருவன் இருக்கின்றான் என்னும் போதையை அவனுக்கு ஊட்டியிருந்தார்கள். அடிமை முறை ஆண்டவன் ஏற்பாடு என்று பாதிரிகள் வேதத்தைப் புரட்டிக் காட்டினார்கள். ஆனால் 1862-ம் வருஷத்தில், இருபது அடிமைகள் உள்ள தோட்டத்திற்கு ஒரு வெள்ளைக்காரன் படையில் சேராமல் இருந்துகொள்ளலாம் என்று அவனுடைய அரசாங்கமே சட்டம் செய்தது. உயிர் அவனுடையது, தோட்டம் மற்றவனுடையது!

வடக்கத்தியார் மாசற்றவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அடிமை பறித்த பஞ்சைத்தான் அவர்கள் ஆலைகளும் நூற்றன. லிங்கனுடைய விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரியில்தான் வந்தது. யூனியனை விட்டு விலகாத ராஜ்யங்களின் அடிமைகளுக்கு அதுவும் இல்லை. அடிமை முறை சட்டத்தால் அடியோடு ஒழிந்தது 1865 டிசம்பரில்தான். இவை குற்றங்களே. ஆனால் யுத்தத்தை மூட்டிய குற்றம் வேறு.

இந்த வாதத்தில் பெரும்பாலோர் மறந்துவிடுவது சுமார் 40 லட்சம் அடிமைகளைத்தான். அவர்கள் மேல் சவுக்கும் ஏலமும் கொண்டு நடந்த யுத்தம் சும்டர் கோட்டைக்கு இருநூறு வருஷங்களுக்கு முன்பே ஆரம்பமாகிவிட்டது. அதை எவரும் யுத்தம் என்று சொல்லவில்லை. அடிபட்டவன் திருப்பி அடிக்க முடியாதவனாய் இருந்ததால் அதற்குச் "சமாதானம்" என்றே பெயர். அந்தச் சமாதானத்தைக் காப்பாற்றவே தென்ராஜ்ய முதலாளிகள் பீரங்கியை எடுத்தார்கள். ஆதலால், இதை ராஜ்ய உரிமைச் சண்டை என்று இனி எவராவது சொல்ல வந்தால், வாசகர்கள் கோபிக்க வேண்டியதில்லை. விலகினவர்கள் தாங்களே எழுதிய அறிக்கையை வாசித்துக் காட்டும்படி அவரைக் கேட்டால் போதும்.