படகேறியோர் குற்றவாளிகளா?

மட்டக்களப்புக் கரையை அடுத்த கடலில் ஒரு படகு கடற்படையினரால் இடைமறிக்கப்பட்டால், மறுநாட் செய்திகளில் ஆட்கடத்தல் முறியடிக்கப்பட்டதாக அறிவிக்கப்படுவது வழக்கம். படகோட்டியும், முகவரும், கைக்குழந்தையோடு இருந்த தாயும் ஒரே சொல்லினால் குறிக்கப்படுகின்றனர். வாசிப்போரும் அவர்கள் அனைவரையும் ஒரு பெருங்குற்றத்தின் பங்காளிகளாகவே கருதிக்கொள்கின்றனர். கடத்தியவர் யார், கடத்தப்பட்டவர் யார், பறிகொடுத்தவர் யார் என்னும் வினாக்கள் எழுவதில்லை. எழாமைக்குக் காரணம் அச்சொல்லிலேயே உள்ளது.

ஆட்கடத்தல் என்னும் சொல்லினுள் வெவ்வேறான மூன்று செயல்கள் அடைக்கப்பட்டுள்ளன. ஒருவரை அவர்தம் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்துச் செல்லுதல் ஒன்று. ஏமாற்றியோ அச்சுறுத்தியோ கொண்டுசென்று ஒருவரது உழைப்பையோ உடலையோ சுரண்டுதல் இன்னொன்று. நாட்டை விட்டு நீங்கத் தாமாகவே விரும்பும் ஒருவரைப் பணம் பெற்றுக்கொண்டு எல்லை கடக்கச் செய்தல் மற்றொன்று. இம்மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பதனால் நன்மை பெறுவோர் உண்மைக் குற்றவாளிகளே. தீமை அடைவோர் படகேறியோரே.

முதலாவது செயலைக் கிழக்கிலங்கை மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த பேராசிரியர் சிவசுப்பிரமணியம் இரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15 ஆம் திகதி கொழும்பில் காணாமற்போனார். அவர் திரும்பி வரவேயில்லை. பிள்ளைகளையும் கணவரையும் இவ்வாறே இழந்த பெண்கள் அவர்தம் படங்களை ஏந்தி வீதியோரங்களில் நின்று வந்துள்ளனர். கடத்தல் என்னும் சொல் அவர்களின் காதில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை உணர்ந்தவர், தானே பணம் கொடுத்துப் படகேறிய ஒருவனுக்கு அச்சொல்லை எளிதிற் சூட்டமாட்டார்.

இரண்டாவது செயலுக்கு மூதூர் ரிசானா நபீக்கின் கதை சான்று. வறிய குடும்பத்துச் சிறுமியாகிய அவர், பிறந்த ஆண்டு மாற்றப்பட்ட கடவுச்சீட்டுடன் 2005 இல் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவரது பராமரிப்பில் இருந்த குழந்தையின் மரணத்துக்காகக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 2013 ஜனவரி 9 ஆம் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டார். இச்சிறுமி இருளிற் படகேறிச் சென்றவரல்லர். விமான நிலையத்தினூடாக, அரசின் முத்திரை பதித்த கடவுச்சீட்டுடன் சென்றவர். சட்டத்தின் வாயில் திறந்திருந்தது; அவ்வாயிலினூடாகவே ஒரு குழந்தை கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டது. சட்டவழி என்றால் பாதுகாப்பு, கடல்வழி என்றால் குற்றம் என்னும் எளிய கணக்கு இங்கே பொய்த்துவிடுகின்றது.

மூன்றாவது செயலே வாவிக்கரையிலிருந்து புறப்படும் படகுகளுக்குரியது. உலக நாடுகள் இவ்வேறுபாட்டை அறியாதனவல்ல. 2000 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை எல்லைகடந்த குற்றங்கள் பற்றிய உடன்படிக்கையை ஏற்றபோது, சுரண்டலுக்காக ஆட்களை வாணிபம் செய்தல் பற்றி ஓர் இணைப்பேட்டையும், குடிபெயர்வோரைக் களவாக எல்லை கடத்தல் பற்றி வேறோர் இணைப்பேட்டையும் தனித்தனியே வகுத்தது. களவாக எல்லை கடத்தப்பட்டார் என்பதற்காக மட்டும் குடிபெயர்வோரை அந்த இணைப்பேட்டின் கீழ்க் குற்றவாளியாக்கலாகாது என்று அதன் ஐந்தாம் உறுப்புரை கூறுகின்றது. இலாபம் கருதிப் பயணத்தை ஏற்பாடு செய்தவனே குற்றவாளி. பயணம் செய்தவன் அல்லன் என்பதே அதன் உட்கிடை.

இலங்கைச் சட்டத்தின் வரலாறோ வேறு. குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1948 இல் நிறைவேற்றப்பட்டது. மலையகத் தமிழரை நாடற்றோராக்கிய பிரசாவுரிமைச் சட்டமும் அதே ஆண்டிற்குரியதே. எல்லைக்குக் காவல் வகுத்த கையே எல்லைக்குள் வாழ்ந்தோரையும் அந்நியராக்கியது. ‘கள்ளத்தோணி’ என்னும் வசைச்சொல் பிறந்து பரவியது அக்காலத்திலேயே. தோணியையே கண்டிராத, தலைமுறைகளாகத் தேயிலைக் கொழுந்து பறித்த மக்கள் அப்பெயரால் இழிக்கப்பட்டனர். வருவோரைத் திருடரென்ற அதே மனப்பாங்கு இன்று போவோரைத் திருடரென்கின்றது.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை, இலங்கைக்குத் திரும்பிவரும் சுதந்திரத்தைப் பிரசைகளுக்கு வெளிப்படையாக வழங்குகின்றது. நாட்டை விட்டு நீங்கும் சுதந்திரம் பற்றி அவ்வுறுப்புரை எதுவும் கூறவில்லை. எந்நாட்டையும் விட்டு நீங்கும் உரிமையை ஏற்கும் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1980 இல் ஏற்றது. அவ்வாறிருந்தும், அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் அல்லாத இடத்திலிருந்து புறப்படுவோருக்கு ஐந்து ஆண்டு வரையான சிறையும் இரண்டு இலட்சம் ரூபா வரையான தண்டமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கின்றது. வெறும் பயணிகளுக்குப் பெரும்பாலும் தண்டப்பணமே விதிக்கப்படுகின்றதெனச் சமாதானம் கூறுவோர் உளர். கட்டுநாயக்காவுக்குத் திருப்பியனுப்பப்பட்ட மட்டக்களப்பு மீனவன் ஒருவன் தவணைதோறும் நீர்கொழும்பு நீதிமன்றத்துக்குச் சென்றுவரும் செலவையும், அந்நாட்களில் இழக்கும் தொழிலையும் அவர்கள் கணக்கிடுவதில்லை.

இனி, இம்மக்கள் ஏன் செல்கின்றனர் என்பதை நோக்குதல் வேண்டும். வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது எழுவான்கரையில் நாவலடி, கல்லடி முதலிய ஊர்கள் அழிந்தன. இரண்டரை ஆண்டுகள் கழியுமுன் படுவான்கரையைப் போர் சூழ்ந்தது. 2007 மார்ச்சில் மாவட்டத்தில் இடம்பெயர்ந்திருந்தோர் தொகை ஓர் இலட்சத்தைக் கடந்திருந்தது. போர் ஓய்ந்த பின்னர் வந்தவை நுண்கடன் நிறுவனங்களும் வாராந்தத் தவணைகளுமாம். முன்னாட் போராளியென்று விசாரிக்கப்படுவோர், சாட்சி கூற அஞ்சுவோர், வலையும் வள்ளமும் இழந்தோர், கடன் கட்ட இயலாதோர் எனப் பலரும் ஒரே படகில் ஏறுகின்றனர். இவர்களுள் அரசியல் அகதி யார், பொருளாதார அகதி யார் என்று வெளியிலிருந்து கோடு கிழித்தல் எளிது. அச்சத்தினால் தொழிலை இழந்தவனுடைய வறுமையை அவனது அச்சத்திலிருந்து எவ்வாறு பிரித்தெடுப்பது?

படகு வாணிபத்தின் இயல்பையும் அறிதல் வேண்டும். ஊருக்குள் ஒருவர் ஆள் சேர்ப்பார். அவருக்கு மேல் ஒருவர். அவருக்கும் மேலே இருப்பவர் யாரென்று கீழுள்ளோர் அறியார். பணத்தின் ஒரு பகுதி முன்னரும் எஞ்சியது போய்ச் சேர்ந்த பின்னரும் கொடுக்கப்படும். இரவிற் சிறு தோணிகள் ஆட்களை ஏற்றிச்சென்று ஆழ்கடலில் நிற்கும் பலநாட் படகிற் சேர்க்கும். அங்கிருந்து அவுஸ்திரேலியாவின் கொக்கோஸ் தீவுகளுக்கு 2,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட திறந்த கடல். படகு பிடிபடும்போது அகப்படுவோர் ஓட்டியும் பயணிகளுமேயன்றி மேலிருப்பவர் அல்லர். பல வேளைகளில் ஓட்டியும் கட்டணம் செலுத்த வழியின்றி உழைப்பால் அதை ஈடுசெய்யும் ஒரு பயணியே.

பணம் எங்கிருந்து வருகின்றது? மட்டக்களப்பு வழக்கில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வன. தம்பியோ கணவனோ படகேறும்போது ஈடுவைக்கப்படுவது பெரும்பாலும் அப்பெண்ணின் நகையும் அவளுக்குரிய காணியுமே. படகு திரும்பினால் முகவன் மறைந்துவிடுகிறான். சட்டம் பயணியைத் தேடுகின்றது; கடன்காரன் அப்பெண்ணைத் தேடுகின்றான். இவ்விருவருக்குமிடையில் அவள் பறிகொடுத்த பணத்தை மீட்டுத்தர எவரும் முன்வருவதில்லை. அவள் முறைப்பாடு செய்யின் தன் தம்பியையே குற்றவாளியாகக் காட்டிக்கொடுக்க நேரும். பயணியைத் தண்டிக்கும் சட்டம் இவ்வாறு முகவனுக்குக் கவசமாகின்றது.

முகவர்களே இச்சிக்கலின் வேர் என்று வாதிடுவோர் பலர். 2011 இல் இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியாவைக் கடல்வழி அடைந்தோர் சில நூற்றுவரே. 2012 இல் அத்தொகை 6,000ஐக் கடந்தது. ஓராண்டில் முகவர் குலம் இவ்வாறு பல்கிப் பெருகியதா? பெருகியது போக விரும்புவோர் தொகையே. வாணிபம் அதனைத் தொடர்ந்தது. கள்ளுக்கடையைக் காட்டித் தாகத்துக்குக் காரணம் கூறுவது போன்றது இவ்வாதம்.

கடலில் உயிர்கள் மாளாதிருக்கவே படகுகள் தடுக்கப்படுகின்றன என்பது மற்றொரு வாதம். உயிரிழப்பின் கொடுமையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின் தடுப்போரின் செயல் அக்கருணைக்கு ஏற்றதாயிருந்ததா? 2013 நவம்பரில் கொழும்பில் பொதுநலவாய மாநாடு நடைபெற்றபோது அவுஸ்திரேலியப் பிரதமர் இலங்கைக் கடற்படைக்கு இரண்டு சுற்றுக்காவற் கலங்களை வழங்குவதாக அறிவித்தார். 2014 யூலை 6 ஆம் திகதி, நடுக்கடலில் இடைமறிக்கப்பட்ட 41 பேர் மட்டக்களப்புத் துறைமுகத்துக்கு வெளியே கடலிலேயே இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களின் தஞ்சக் கோரிக்கை கப்பலில் வைத்தே தொலைத்தொடர்பு மூலம் சுருக்கமாக விசாரிக்கப்பட்டிருந்தது. மேல்விசாரணைக்குரியவராகக் கருதப்பட்டவர் ஒருவரே. அவரும் ஏனையோருடன் திரும்ப விரும்பினார் எனக் கூறப்பட்டது. அவர்கள் காலியில் நீதவான் முன் நிறுத்தப்பட்டனர். நாற்பத்தொருவரில் 37 பேர் சிங்களவர், நால்வர் தமிழர் என்பதும் கருதத்தக்கது. படகேறுதல் ஓர் இனத்தின் குணமன்று. ஒரு நாட்டின் நிலை.

தடுப்பினால் வாணிபம் ஒழியவுமில்லை; வழி நீண்டது. 2022 இன் பொருளாதார வீழ்ச்சியின்போது கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் மீண்டும் படகுகள் பிடிபட்டன. அவ்வாண்டு நவம்பரில் 303 இலங்கையரை ஏற்றிய கப்பலொன்று கனடாவை நோக்கிச் செல்லும் வழியிற் பழுதுற்று மூழ்கும் நிலையை அடைய, அவர்கள் மீட்கப்பட்டு வியட்நாமிற் கரைசேர்க்கப்பட்டனர். அண்மைக் கதவு அடைபடின் தொலைக் கதவை நாடுவர்; தொலைவு கூடக் கட்டணம் கூடும்; கட்டணம் கூட முகவனின் இலாபமும் கூடும்.

இவ்வாறு கூறுவதனால் முகவனை மீட்பனாகப் போற்றுவதாகக் கொள்ளலாகாது. அவ்வாறு போற்றுவோரும் தமிழரிடையே உளர். பழுதுற்ற படகையும் பற்றாத எரிபொருளையும் மறைத்துப் பணம் வாங்குபவன் வாணிகனுமல்லன், வஞ்சகன். ஆயின் அவனையும் ஏனையோரையும் பிரித்தறிதலே நீதி. 2010 இல் ‘சன் சீ’ என்னும் கப்பலில் 492 தமிழர் கனடாவை அடைந்தனர். தாய்லாந்து மாலுமிகள் இடைவழியிற் கைவிட்டுச் சென்றபின் பயணிகள் சிலரே அக்கப்பலைச் செலுத்தியும் சமைத்தும் காவல் நின்றும் கரைசேர்த்தனர். அவர்களுட் சிலர் ஆட்கடத்தற்காரரென விலக்கப்பட்டபோது, 2015 நவம்பரில் கனடிய உயர் நீதிமன்றம், தஞ்சம் தேடுவோர் தம்முள் உதவிக்கொள்வது ஆட்கடத்தலாகாது எனத் தீர்த்தது. ஐந்தாண்டு கழித்தாயினும் ஒரு நீதிமன்றம் கண்ட இவ்வேறுபாட்டை இங்குள்ள செய்தியாளரும் சட்டமியற்றுவோரும் காணாதிருப்பது வியப்பன்று, வெட்கம்.

செய்யத்தக்கன சில உள. வெறும் பயணியைக் குற்றத்திலிருந்து விடுவித்து, முகவனுக்கெதிரான சாட்சியாக அவனைச் சட்டம் ஏற்றல் வேண்டும். முகவனிடம் இழந்த பணத்தை மீட்கக் குடும்பங்களுக்கு அச்சமற்ற வழி வேண்டும். திருப்பியனுப்பப்படுவோரின் வழக்கு அவர்தம் மாவட்டத்திலேயே விசாரிக்கப்படல் வேண்டும். ஆளனுப்பும் சட்டபூர்வ நிலையங்களுக்கும் இதே கண்டிப்பு உரித்தாதல் வேண்டும். ரிசானாவின் கடவுச்சீட்டு அங்கிருந்தே தொடங்கியது. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையை ஏற்காத இலங்கை அதனை ஏற்றல் வேண்டும். தன் மக்கள் அந்நிய நாடுகளில் வேண்டிநிற்கும் உரிமையைத் தன் கரையை அடைவோருக்கு மறுக்கும் நாடு எவ்வாயால் அதனைக் கேட்கும்?

பல்கலைக்கழகங்களுக்கும் இதிற் பங்குண்டு. வாவிக்கு அண்மையில் வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தும், சுற்றியுள்ள ஊர்களிலிருந்து எத்தனை வீடுகள் படகுக் கடனால் ஈட்டில் உள்ளன என்னும் வினா கற்றவரின் ஆராய்ச்சிப் பொருளாகாதிருத்தல் தகாது. கணக்கெடுக்கப்படாத இழப்புக்கு ஈடு கேட்க இயலாது. சொற்களைத் திருத்துதல் தமிழ் கற்றோரின் தொழில். இழப்பைக் கணக்கிடுதல் சமூகவியல் கற்றோரின் தொழில். நீதி கேட்டல் இருசாராரின் கடமை. அதுவரை ஆட்கடத்தல் என்னும் ஒரே சொல்லின் நிழலில் மெய்க்குற்றவாளி ஒளிந்திருப்பான். ஈட்டில் மூழ்கிய வீட்டின் வாசலில் ஒரு பெண் அழைப்பாணையை வாங்கிக்கொண்டிருப்பாள்.