அசனத்தைப் பொட்டலமாக்க வேண்டாம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்புகள் வாசிக்கப்பட்டபொழுது, இவ்வாண்டு ஸ்தோத்திரப் பண்டிகையின் அசனம் பந்தியில் பரிமாறப்படாது என்றும், சபைச் சந்தா அட்டை ஒன்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டுக் கோயில் வாசலிலேயே பொட்டலமாகக் கொடுக்கப்படும் என்றும், அட்டையைக் கொண்டுவர மறக்கலாகாது என்றும் ஓர் அறிவிப்பு வந்தது. வாசித்தவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். சபையாரில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த வாலிபர், இனி இடம் பிடிக்க ஓடவேண்டாம் என்று சந்தோஷத்தோடு சொன்னார். எனக்கோ அதன் பிறகு பாடப்பட்ட பாட்டில் மனம் செல்லவில்லை.

அசனம் என்னும் சொல் நெல்லைச் சீமைக்கு அப்பால் வாழும் தமிழருக்கு அவ்வளவு பழக்கமில்லாததாக இருக்கலாம். ஆசனம் வேறு, அசனம் வேறு. முன்னது இருக்கை, பின்னது உணவு. வடமொழியிலிருந்து வந்த அச்சொல், பொது வழக்கில் மங்கிப்போன பின்னும், தாமிரவருணிக் கரையிலும் தேரிக்காட்டுப் பனைவிளைகளின் நடுவிலும் உள்ள கிறிஸ்தவ ஊர்களில் குழந்தையும் அறிந்த சொல்லாக நிலைத்திருக்கிறது. ஆலயப் பிரதிஷ்டை தினத்திலோ ஸ்தோத்திரப் பண்டிகையிலோ, வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் எடுத்து, ஆடுகள் வாங்கி, கோயில் வளாகத்தில் ஒரே அடுப்பு வரிசையில் ஆக்கி, ஊர் முழுவதும் தரையில் அமர்ந்து உண்பதற்குப் பெயர் அசனம். பாளையங்கோட்டை நூற்றாண்டு மண்டபத்தில் ஆண்டுதோறும் கூடுகிற ஸ்தோத்திரப் பண்டிகை பெரியது, பிரசித்தமானது. ஆயினும் அந்தப் பெரிய பண்டிகையின் வேர்கள் இத்தகைய சிற்றூர் அசனங்களில்தான் இருக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

ஸ்தோத்திரம் என்ற சொல்லையும் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். அது துதி என்று பொருள்படுவதாயினும், எங்கள் வேதாகமத் தமிழில் நன்றி செலுத்துதலையும் குறிக்கும். இயேசுநாதர் தம் சீஷரோடு கடைசியாகப் பந்தியமர்ந்து அப்பத்தைக் கையில் எடுத்தபொழுது செய்த காரியத்துக்கும் அந்தச் சொல்லே வழங்குகிறது. சொன்ன மாத்திரத்தில் அவர் அப்பத்தைப் பிட்டுப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார். ஸ்தோத்திரமும் பகிர்தலும் அங்கே ஒரே மூச்சில் நிகழ்ந்தன.

எங்கள் ஊரான கங்கைகொண்டானைத் தொட்டுக்கொண்டு போகிற சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரவருணியோடு கலக்கிறது. முக்கூடற்பள்ளு பிறந்த மண் அது. கார், பிசானம் என்று இரண்டு போகமும் தண்ணீர் பொய்க்காத ஆண்டுகளில், பிசான நெல் களத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும், எங்கள் ஆச்சி முதல் மரக்காலை அளந்து, ‘இது கோயிலுக்கு’ என்று தனியே ஒரு ஓலைப்பெட்டியில் கொட்டி மூடிவைப்பாள்; அதற்குப் பின்தான் வீட்டுக் குதிருக்கு நெல் போகும். முதற்பலனை ஆண்டவருக்குக் கொடுக்கவேண்டும் என்ற மோசேயின் பிரமாணத்தை அவள் வாசித்து அறிந்தவள் அல்லள். எழுத்து அவளுக்குத் தெரியாது. அடுப்படியின் மூலையில் கழுத்து உடைந்த மண்கலயம் ஒன்று இருந்தது. உலை கொதித்து அரிசியைக் களைந்து இடுமுன், ஒவ்வொரு வேளையும் ஒரு பிடியை அதில் போடுவாள். சனிக்கிழமை சாயங்காலம் கோயில் பணிவிடைக்காரரான கோயில்பிள்ளை சாக்குப் பையோடு வருவார். ஆச்சி கலயத்தைக் கவிழ்த்து, அடியில் ஒட்டிய மணிகளையும் விரலால் வழித்துப் போடுவாள். மழை பொய்த்து வீட்டில் கஞ்சி மட்டும் காய்ந்த ஆண்டொன்றை நான் அறிவேன். அவ்வாண்டு அந்தக் கைப்பிடி சிறுத்தது, நிற்கவில்லை.

இந்தப் பிடியரிசிக்குப் பின்னால் ஒரு மானத்தின் கதையும் உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லும் 1876 முதல் 1878 வரையிலான கொடிய காலத்தில், கஞ்சித் தொட்டிகளைச் சுற்றித் திரண்ட ஏழை ஜனங்களில் பலர் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவினர். அதை வைத்து, சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்று பொருள்பட, ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்ற ஏளனப் பெயர் அவர்கள்மேல் சாத்தப்பட்டது. பசித்தவன் சோற்றை ஏற்றுக்கொண்டதில் வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதனினும் கவனிக்கத்தக்கது அதன் பின் நிகழ்ந்தது. அந்தப் பஞ்சம் முடிந்து கால் நூற்றாண்டுக்குள், வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் அவரது தோழர்களும் முன்னின்று, இந்தியர் பணத்தாலும் இந்தியர் உழைப்பாலும் மட்டுமே நடக்கவேண்டும் என்ற தீர்மானத்தோடு, 1903-ஆம் ஆண்டு இந்திய மிஷனரி சங்கத்தைப் பாளையங்கோட்டையில் ஏற்படுத்தித் தெலுங்குச் சீமையின் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். வாங்கினவர் என்று ஏசப்பட்ட ஜனங்கள் கொடுக்கிறவராய் எழுந்து நின்றார்கள். ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் ஏழை ஸ்திரீயின் கையில் அந்த எழுச்சியின் சாயலை நான் கண்டிருக்கிறேன்.

அசனத்தன்று எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. கிறிஸ்துமஸ் என்றால் வீட்டுக்கு வீடு ஆப்பமும் ஆட்டுக்கறியும், அதற்கு முன்னே முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் உண்டு; அவரவர் கைப்பக்குவம் அவரவர்க்குப் பெருமை. அசனத்தில் அந்தப் பெருமைக்கு இடமில்லை. முந்தின இரவே பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உள்ளி உரிப்பார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கீர்த்தனை பாடுவார்கள். மல்லியும் வற்றலும் வறுபடும் வாசனை கோயில் மதிலைத் தாண்டி, சாலையில் போகிற வண்டிக்காரரையும் நிறுத்தும். விடியற்காலம் உடைமர விறகு எரிய, கொப்பரைகளில் குழம்பு கொதிக்கும். கறியோடு கத்தரிக்காயும் வாழைக்காயும் மாங்காயும் சேரும். ஆடுகள் சில, வாய்கள் பல. எல்லாருடைய இலையிலும் ஒரு துண்டு விழவேண்டும் என்ற கணக்கில் பிறந்த பக்குவம் அது, பிறகு அதுவே ருசியாகிவிட்டது. வெந்த சோற்றை வடித்துப் பனையோலைப் பாய்களில் மலைபோலக் கொட்டுவார்கள். உப்புப் பார்க்கும் பெரியவர் குழம்பில் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கி, கண்ணை மூடி ஒரு கணம் நிற்பார். அவர் தலையசைக்கும்வரை அந்த வளாகம் முழுவதும் பேச்சற்றிருக்கும்.

பந்தி தொடங்கிவிட்டால் யார் எவர் பக்கத்தில் அமர்வது என்பதற்கு ஒரு விதியும் இல்லை, வந்த வரிசைதான். தலைமை ஆசிரியரின் பக்கத்தில் பனையேறி, அவர் பக்கத்தில் பெரிய பண்ணைக்காரர், அவர் பக்கத்தில் அவருடைய வயலிலேயே நாற்று நட்டவர். இது அற்பக் காரியமா? இந்தத் தாமிரவருணிப் பள்ளத்தாக்கில் ஒன்றாக உட்கார்ந்து உண்பது எத்தனை பெரிய வழக்காக இருந்தது என்பதைச் சரித்திரம் அறிந்தவர்கள் மறக்கமாட்டார்கள். தேசபக்தியில் எவருக்கும் குறையாத வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில், பிள்ளைகள் சிலருக்குத் தனிப்பந்தி இருந்தது என்ற செய்தி வெளிவந்ததும், 1924-இலும் 1925-இலும் தமிழ்நாடே இரண்டுபட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய அந்தக் கேள்வியின் அதிர்ச்சி நம் அரசியலின் போக்கையே மாற்றியது. கிறிஸ்தவர்கள் இவ்விஷயத்தில் மாசற்றவர்கள் என்று சொல்ல நான் துணியேன். எங்கள் ஜில்லாவின் வடக்கன்குளத்தில், ஜாதிக்கொரு பக்கமாகப் பிரித்து எழுப்பிய தேவாலயத்தின் சுவர் 1910-ஆம் ஆண்டில்தான் இடிக்கப்பட்டது. இன்னும் கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் எத்தனையோ நிற்கின்றன. அந்தச் சுவர்களை ஆண்டுக்கு ஒரு நாளாவது தாண்டிவரச் செய்த சாதனம் என்று எங்கள் ஊரில் நான் கண்டது அசனப் பந்தி ஒன்றையே. சிலர் அப்பந்திக்கு வராமல் ஒதுங்கியிருந்த ஆண்டுகளும் உண்டு. ஆனால் ஒதுங்குகிறவர் ஊர் அறிய ஒதுங்கவேண்டியிருந்தது. பொட்டலம் அந்த நிர்ப்பந்தத்தையும் எடுத்துவிடுகிறது.

ஆதிக் கிறிஸ்தவரிடத்தில் இதே நோய் இருந்தது. கொரிந்து பட்டணத்துச் சபையார் அன்பின் விருந்துக்கென்று கூடி, வசதியுள்ளவர் தம்தம் உணவை முந்தி உண்டு நிறைய, ஏழை பசியோடு பார்த்துக்கொண்டிருக்க, அது ஆண்டவருடைய பந்தியே அல்ல என்று பவுல் அப்போஸ்தலர் கடிந்து எழுதினார். உணவு குறைந்தது என்று அவர் குறை சொல்லவில்லை. காத்திராமல் உண்டதையே குற்றமாகச் சொன்னார்.

பொட்டலம் வேண்டும் என்கிறவர்களின் நியாயத்தை நான் கேட்காமல் இல்லை. பரிமாற ஆள் கிடைக்கவில்லை. வாலிபர் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். ஐந்து பந்தி முடிய மாலை நான்கு மணியாகிறது; சர்க்கரை நோயாளிகள் அதுவரை தாங்கமாட்டார்கள். முதல் பந்திக்கு நடக்கும் நெரிசல் அவலட்சணமானது. இவையெல்லாம் உண்மை. கொள்ளைநோய்க் காலத்தில் கூடி உண்ண வழியில்லாமற்போன ஆண்டுகளில் பொட்டலம் தவிர்க்க முடியாததாயிற்று என்பதும் உண்மை. அசனச் சோறு வீட்டுக்குப் போவதும் புதிதன்று. எழுந்து நடமாட மாட்டாதவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் தூக்குச்சட்டியில் அனுப்புவது அன்றைக்கே உண்டு, அந்தத் தூக்குச்சட்டியைச் சுமந்து நானே பல வீடுகளுக்குப் போயிருக்கிறேன். வர இயலாதவரைத் தேடிச் சென்ற சோறு அது. வரக்கூடியவரையும் வாசலோடு திருப்பி அனுப்புகிற சோறு வேறு.

எல்லாவற்றினும் என்னை வருத்துவது அந்த அட்டைதான். பந்தியில் உட்கார்ந்தவனை நீ யார் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. கைலாசநாதர் கோயில் தெருக்காரர்களும் பள்ளிவாசல் தெருக்காரர்களும் வருவார்கள். சாலையோடு போகிறவர்கள் வருவார்கள். இன்று எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்து, தகரக் கொட்டகைகளில் தங்கி, தாய் மொழியில் பேச ஓர் ஆள் இல்லாமல் வேலை செய்கிற வடநாட்டு வாலிபர்களை மாலை நேரங்களில் தேநீர்க் கடைகளில் காண்கிறேன். அவர்கள் கையில் எந்தச் சபையின் அட்டை இருக்கிறது? அறுவடையின் ஓரத்தை அந்நியனுக்கும் திக்கற்றவனுக்கும் விட்டுவை என்ற கட்டளையை ஆண்டுதோறும் அந்தப் பண்டிகையிலேயே வாசித்துவிட்டு, கொப்பரையின் ஓரத்தை அட்டையால் அடைக்கலாமா?

நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையை அமெரிக்கர் நன்றியறிதல் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1863-இல் உள்நாட்டு யுத்தத்தின் நடுவே லிங்கன் அதைத் தேசம் முழுவதற்கும் அறிவித்தார். அது எந்த நாள் என்பதை 1941-இல் அவர்களுடைய சட்டசபை நிச்சயித்தது. அங்கே வேலை பார்க்கும் என் மருமகன் முதல் வருஷம் எழுதிய கடிதத்தில் வான்கோழியைப் பற்றியோ பூசணி இனிப்பைப் பற்றியோ அதிகம் இல்லை. ஊருக்குப் போக வழியில்லாத அயல்நாட்டார் நான்கு பேரை, உடன் வேலை செய்யும் ஒருவர் தம் தாய் தகப்பனோடு சேர்த்துத் தம் மேஜையில் உட்காரவைத்த விவரத்தைத்தான் ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தார். ‘மாமா, நம்ம ஊர் அசனம் மாதிரியே இருந்தது’ என்று முடித்திருந்தார்.

சபையின் பெரியவர்களைக் கண்டு சில காரியங்களைக் கேட்டிருக்கிறேன். பரிமாற ஆள் இல்லையென்றால் எங்களைப்போல் ஓய்வு பெற்றவர்கள் வாளி தூக்குகிறோம். தூக்க மாட்டாதவர் இலை போடுகிறோம். நோயாளிகளும் முதியவர்களும் சிறு பிள்ளைகளும் முதல் பந்தியில் அமரட்டும்; காணிக்கை அதிகம் கொடுத்தவர்கள் கடைசிப் பந்திக்குக் காத்திருக்கட்டும். தொழிற்பேட்டைக் கொட்டகைகளுக்கு நானே போய் அழைத்து வருகிறேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

என் பன்னிரண்டாம் வயதில் நடந்த ஓர் அசனம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எல்லாப் பந்தியும் முடிந்து, பாயில் சோறு அடியோடு தெரிந்த நேரம். இரவெல்லாம் அடுப்போடு நின்றவர்கள், விறகு பிளந்தவர்கள், எச்சில் இலை எடுத்தவர்கள், தண்ணீர் சுமந்த கோயில்பிள்ளை, எல்லாரும் புழுதி படிந்த காலோடு ஒரு வரிசையாய் உட்கார்ந்தார்கள். குருவானவர் தம் வெள்ளை அங்கியைக் கழற்றிச் சன்னலில் மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழம்பு வாளியோடு வந்தார். கோயில்பிள்ளை பதறி எழுந்திருக்கப் போனார். ‘உட்காரும் ஓய்’ என்று அவர் தோளை அழுத்தி உட்காரவைத்து, வாளியின் அடியில் கரண்டியை விட்டுத் துழாவி, கடைசியாகக் கிடந்த கறித்துண்டுகளை அவர் இலையில் வைத்தார்.