சங்கரன்கோவிலில் ஒரு மெரினா மச்சான்!

ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போன அன்று தமிழ்நாடே துக்கம் விசாரித்தது. 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது சி.எஸ்.கே. டீக்கடை, பஸ், குடும்ப வாட்ஸ்அப் குரூப் என்று எங்கும் அதே பேச்சு. சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்திலும் அதேதான்.

அங்கே ஒருவர் மட்டும் வாயைத் திறக்காமல் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். பக்கத்துத் தறிக்காரர் விடவில்லை. "என்ன அண்ணாச்சி, உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

"ஒரு ஆளு போனதுக்கே உங்களுக்கு இவ்வளவு வருத்தம். எனக்கு டீமே உண்டா இல்லையான்னு தெரியல. நான் யார்ட்ட போய் அழ?"

அவருடைய டீம், சென்னையின் எஃப்.சி. கால்பந்து. செல்லப் பெயர் மெரினா மச்சான்ஸ். 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது, ஓனர்களில் தோனியும் ஒருவர் என்று கேள்விப்பட்டு டி.வி-யைப் போட்டவர். தோனிக்காகப் பார்க்க ஆரம்பித்து, எலானோவுக்காக உட்கார்ந்துவிட்டார். பிரேசில்காரர் எலானோ அந்த ஆண்டு 8 கோல் அடித்து லீக்கிலேயே முதலிடம். பயிற்சியாளர், 2006-ல் உலகக் கோப்பை வென்ற இத்தாலி அணியின் மட்டராஸி. அதுவரை இந்தப் பெயர்களையெல்லாம் பேப்பரில் மட்டுமே பார்த்திருந்தார்.

சங்கரன்கோவிலில் இருந்து கொச்சிக்குப் போகும் தூரம், சென்னைக்குப் போவதில் பாதிகூட இல்லை. கேரளா பிளாஸ்டர்ஸுக்குக் கைதட்டியிருந்தால் பயணச் செலவாவது மிச்சம். "பக்கத்து வீட்டுல பாயசம் நல்லாருக்குன்னு அங்கேயே பந்தியில உக்கார முடியுமா?" என்பார். பொதிகை எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் மறுநாள் காலை எழும்பூர். பெரியமேடு நேரு ஸ்டேடியம் அங்கிருந்து கிட்டத்தில்தான். மேட்ச் முடிந்தால் மறுநாள் லீவு எழுத வேண்டும். தறியில் லீவு என்றால் கூலி கிடையாது. அப்படியும் போயிருக்கிறார்.

அவரிடம் ஒரு நோட்டு உண்டு. ஒவ்வொரு சீசன் முடிந்ததும் யார் போனார், யார் வந்தார் என்று எழுதும் நோட்டு. ஆடித்தபசுக்கு ஊரே கூடும் நேரமும், கிளப்புகள் ஆள் பிடிக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். ஒரு கையில் பிரசாதம், ஒரு கையில் ஃபோன் என்று வீதியில் நிற்பவரைப் பார்த்து வீட்டம்மா தலையில் அடித்துக்கொள்வது வருடாந்தரக் காட்சி.

நோட்டில் முதல் பெரிய காயம், மெண்டோசா. 2015 டிசம்பர், சென்னை வெள்ளத்தில் மிதந்த மாதம். சொந்த ஊரில் ஆட முடியாமல் அரையிறுதியின் முதல் ஆட்டத்தை புனேயில் ஆடியது அணி. இறுதிப் போட்டியில், கோவா ரசிகர்கள் கொண்டாடத் தயாராக இருந்த நேரத்தில், கடைசி நிமிடங்களில் ஆட்டம் தலைகீழாகி 3-2. வெற்றிக் கோல் மெண்டோசா. அந்த சீசனில் 13 கோல். அடுத்த ஆண்டு ஆள் இல்லை, நியூயார்க்கில் ஆடிக்கொண்டிருந்தார். நோட்டில் அந்தப் பெயருக்கு நேராக "துரோகி" என்று எழுதி, பிறகு பேனாவால் அடித்துவிட்டிருக்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் ஒரு வீரரை அணி வைத்துக்கொள்ளும், விடும், மாற்றிக்கொள்ளும். முடிவு பெரும்பாலும் அணியின் கையில். கால்பந்தில் ஒப்பந்தம் முடிந்துவிட்டால் வீரர் பையைத் தூக்கிக்கொண்டு போகலாம். நம் ஊருக்கு வரும் வெளிநாட்டு வீரர்களில் பலருக்கு ஒப்பந்தமே ஒரு சீசனுக்குத்தான். ஆக, ஒவ்வோர் ஆண்டும் பாதி வீடு காலியாகும். பழகிய முகத்துக்கு டாட்டா காட்டிவிட்டு, வாயில் நுழையாத புதுப் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டும்.

2018-ல் பெங்களூரு மண்ணிலேயே பெங்களூருவை 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது கோப்பை. மெய்ல்சன் தலையாலேயே இரண்டு கோல். மறு சீசனிலேயே கடைசி இடம்! 2020 இறுதிப் போட்டியில் கொல்கத்தாவிடம் தோற்ற பிறகு பயிற்சியாளர் ஓவன் காய்ல் ஜாம்ஷெட்பூர் போனார். அந்த சீசனில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். பிற்பாடு இருவருமே வெவ்வேறு நேரத்தில் சென்னைக்குத் திரும்பி வந்தது தனிக்கதை.

ஆனால், இவர்களெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். அவரை உண்மையில் உலுக்கியது அனிருத் தாபா. டேராடூன் பையன். 2016-ல் வந்து, வளர்ந்து, கேப்டனாகி, 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். அங்கே போனதும் 2024, 2025 என்று அடுத்தடுத்து லீக் ஷீல்டு. "போனது தப்பு"ன்னு சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. விசைத்தறித் தொழிலில் கூலி ஒப்பந்தம் என்றால் என்னவென்று தெரிந்தவர் அவர். பக்கத்துக் கூடத்தில் கூலி கூடினால் கால் அந்தப் பக்கம் நகரும். அதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை.

அவருடைய கோபமெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பையன்களின் பட்டியல். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இருந்து வந்த மைக்கேல் சூசைராஜை ஐ.எஸ்.எல்-லுக்குக் கொத்திக்கொண்டு போனது ஜாம்ஷெட்பூர். சென்னை தோற்ற அந்த 2020 சீசனில் அவர் இருந்தது கொல்கத்தா அணியில். நந்தகுமார் சேகர் ஒடிசா, ஈஸ்ட் பெங்கால் என்று பெயர் வாங்கினார். 2022-23 சீசனின் சிறந்த வளரும் வீரர் விருதை வாங்கிய சிவசக்தி நாராயணன், பெங்களூருக்காக ஆடினார். இத்தனைக்கும் வியாசர்பாடி தனபால் கணேஷ் 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகக் கோல் போட்டபோது ஸ்டேடியம் எப்படி அதிர்ந்தது என்பது கிளப்புக்கும் தெரியும். "கொலம்பியாவுல ஆளு தேடத் தெரியுது, நம்ம குமரிக் கரையில தேடத் தெரியலயா?" அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இதெல்லாம் பழைய கணக்கு. 2025-ல் நோட்டின் பக்கமே மாறிப்போனது.

ஐ.எஸ்.எல்-லை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் 2010-ல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிய வேண்டும். ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் சம்மேளனத்துக்குப் போன ஒப்பந்தம். அதைப் புதுப்பிக்கும் பேச்சு இழுத்துக்கொண்டே போக, ஜூலையில் "சீசன் நிறுத்திவைப்பு" என்று தகவல் வந்தது. பெங்களூரு கிளப் சம்பளத்தை நிறுத்தியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் சென்னையின் எஃப்.சி-யும் தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. முந்தைய சீசனில் 13 அணிகளில் 11-வது இடம். ஓவன் காய்லும் இந்த முறையும் விலகிவிட்டார்.

அந்த ஆடியில் அவர் நோட்டைத் திறக்கவில்லை. யார் போனார் என்று எழுதலாம். எங்கே இருந்து போனார் என்று எழுதுவது?

அக்டோபரில் சூப்பர் கப்புக்காக அணி மீண்டும் கூடியது. புதுப் பயிற்சியாளர் கிளிஃபோர்ட் மிராண்டா. மோகன் பகானிடம் 2-0, ஈஸ்ட் பெங்காலிடம் 4-0 என்று தோல்வி. வேறு ஆண்டாக இருந்தால் இரண்டு நாள் சாப்பாடு இறங்கியிருக்காது. இந்த முறை ஃபோனில் முழு மேட்ச்சையும் பார்த்துவிட்டு, "பதினொரு பேரு இறங்குனான்ல, அது போதும்" என்று படுத்துவிட்டார்.

அவர் தூக்கத்தைக் கெடுத்தது வேறொரு கேள்வி. அக்கா மகன், ப்ளஸ் டூ படிக்கிறான். ஸ்கூல் டீமின் கோல்கீப்பர். கையில் கிளவுஸ் மாட்டிவிட்டதே இவர்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டான். "மாமா, பெரிய கிளப்புலயே சம்பளம் நிறுத்துறான். நான் இதை நம்பிப் போலாமா, இல்ல பாலிடெக்னிக் சேந்துரவா?"

அக்கா அடுப்படியில் கரண்டியை நிறுத்திவிட்டு இவர் முகத்தைப் பார்த்தார். பதினோரு வருடமாக யார் போனார், யார் வந்தார் என்று எழுதியவருக்கு, போனவர்கள் வீட்டில் அடுத்த மாதம் அடுப்பு எப்படி எரிந்தது என்ற நினைப்பே அன்றைக்குத்தான் வந்திருக்கிறது. "ரெண்டும் பண்ணுலே. காலேஜுக்குப் போ, சாயங்காலம் கிரவுண்டுக்குப் போ" என்றார். பையனுக்கு அது பதிலாகத் தெரியவில்லை. அக்காவுக்கு நிம்மதி.

ஜனவரியில் மத்திய அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார். ஐ.எஸ்.எல். பிப்ரவரி 14 அன்று தொடங்கும், 14 அணிகளும் ஆடும். ஒவ்வொரு அணியுடனும் ஒரே ஒரு ஆட்டம் என்பதால் ஆளுக்கு 13 மேட்ச். சென்னையில் ஆறோ ஏழோதான் நடக்கும்.

நோட்டு மறுபடி மேசைக்கு வந்துவிட்டது. இந்த முறை மூன்றாவதாக ஒரு கோடு போட்டிருக்கிறார். போனவர், வந்தவர், பக்கத்தில் "இருந்தவர்". எந்தக் கிளப்பும் நிச்சயமில்லாத அந்த ஆறு மாதத்திலும் சென்னையை விட்டுப் போகாதவர்களுக்கான இடம் அது. அந்தப் பெயர்களைத்தான் முதலில் எழுதப்போகிறாராம். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் யார் என்பதெல்லாம் அப்புறம்.

ஒரே சிக்கல் ரயில். இப்போதெல்லாம் 60 நாளுக்கு முன்புதான் ரிசர்வேஷன். அறிவிப்பு வந்தபோது லீக் தொடங்கவே அதைவிடக் குறைவான நாள்தான் இருந்தது. முதல் ஹோம் மேட்ச் தேதி தெரிவதற்குள் பொதிகையில் வெயிட்டிங் லிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும். தட்கலுக்கு ஆள் ஏற்பாடு செய்தாயிற்று. இரண்டு டிக்கெட், ஒன்று அக்கா மகனுக்கு.